அந்த ராத்திரிக்கு அப்புறம் தூக்கம் கெட்டவர்களுக்கு: எது நடந்தால் என்ன செய்வது

2009 நவம்பர் மழையில் எங்கள் சமையலறைச் சுவர் வீட்டுக்குள் விழுந்தது. குன்னூருக்கும் கேத்திக்கும் நடுவில், மேலே தேயிலை, கீழே ஓடை என்று இருந்த ஆறு வீடுகளில் எங்களுடையது நான்காவது. நீலகிரி மாவட்டம் முழுக்க அந்த மழையில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் வரிசையில் யாருக்கும் உயிர் போகவில்லை. "தப்பிச்சீங்களே, அதுவே பெரிசு" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அதற்கப்புறம் இரண்டு வருஷம் நான் காலில் ரப்பர் செருப்போடுதான் படுத்தேன். தலைமாட்டில் டார்ச், ஸ்வெட்டருக்குள் ரேஷன் கார்டும் பாஸ் புக்கும் வைத்துக் கட்டிய பிளாஸ்டிக் பை. புரண்டு படுத்தால் பை சரசரக்கும். அந்தச் சத்தத்துக்கே எழுந்து உட்காருவேன்.

பிறகு கூடலூர், பந்தலூர் பக்கம் வீடு வீடாகப் போகும் சுகாதார வேலை கிடைத்தது. யானை உடைத்த வீடுகளில், விபத்தில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளில், சொந்த மனுஷனிடம் அடிவாங்கும் வீடுகளில் இதே கதையைத்தான் கேட்டேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர்களிடமும் மனநல ஆலோசகர்களிடமும் கேட்டுக் கற்றதையும், என் உடம்பில் செய்து பார்த்ததையும் எழுதுகிறேன். ஜனங்கள் என்னிடம் என்ன சொல்லி வருகிறார்களோ அதையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் படித்தால் போதும். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படியுங்கள்.

எதற்கும் முன்னால்: ஆபத்து நிஜமாகவே முடிந்துவிட்டதா?

"எல்லாம் முடிஞ்சு போச்சு, நிம்மதியாத் தூங்கு" என்கிற ஆறுதல் நம் மலையில் செல்லாது. குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு ஐப்பசியிலும் வரத்தான் போகிறது. கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் தென்மேற்கு மழை ஆனியிலேயே பிடித்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2024 ஜூலை 30 அன்று, நமக்குப் பக்கத்து வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண் மூடியதும் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான். அரிசி வாசம் பிடித்து ஒருமுறை சுவரை உடைத்த யானை மறுபடியும் வரலாம். இதெல்லாம் உங்கள் உடம்புக்குத் தெரியும். தெரிந்த உடம்பிடம் பொய் சொன்னால் அது இன்னும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளும்.

அதனால் முதல் வேலையைப் பகலில், வெளிச்சத்தில் செய்யுங்கள். வீட்டுக்கு மேல் பக்கத்துச் சரிவில் புது விரிசல் இருக்கிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா, தண்ணீர் போகும் கால்வாய் அடைத்திருக்கிறதா என்று இருவராகப் போய்ப் பாருங்கள். யானை பயம் என்றால் அரிசியும் உப்பும் படுக்கும் அறைச் சுவரை ஒட்டி இருக்க வேண்டாம். மழை வலுத்தால் யார் வீட்டுக்குப் போவது, எந்த வழியாக, யார் பாட்டியைத் தூக்குவது என்று பேசி முடிவெடுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077, வனத்துறை ஆட்களின் எண் இரண்டையும் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி வையுங்கள்.

இப்படிப் பார்த்ததில் வீடு நிஜமாகவே ஆபத்தான இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், உங்கள் தூக்கமின்மையில் தப்பே இல்லை. மழை நாட்களில் வேறிடத்தில் போய்ப் படுப்பதுதான் அதற்கு மருந்து. ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஆள் என்றாலும் இதேதான். அடிக்கிறவன் பக்கத்தில் படுத்திருக்கும்போது மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க எனக்கு மனசு வராது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. முதலில் அங்கே பேசுங்கள்.

ஆபத்து குறைந்துவிட்டது, அல்லது அதற்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது, ஆனாலும் தூக்கம் வரவில்லை என்றால் கீழே இருப்பதெல்லாம் உங்களுக்குத்தான். கூடலூர்ப் பக்கம் வயலில் பரண் கட்டி யானைக்குக் காவல் இருப்பார்கள். முறை வைத்துக்கொள்வார்கள். தன் முறை முடிந்தவன் அதே பரணில், அந்தக் குளிரில், குறட்டை விட்டுத் தூங்குவான். ஆபத்து போகவில்லை, இன்னொருத்தன் விழித்திருக்கிறான், அவ்வளவுதான். உங்கள் உடம்பு பரணில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மாற்று ஆள் கொடுக்க வேண்டும்.

ஒரு விஷயம் கூட. பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவது அநேகமாக எல்லோருக்கும் நடப்பது. பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே தணியும். ஒரு மாதம் தாண்டியும் தணியாமல், பகலிலும் அந்தக் காட்சி கண்முன் வந்து நின்றால் அப்போதுதான் அதை நோயாக டாக்டர்கள் பார்க்கிறார்கள்.

"படுத்தா உடம்பு படுக்குது, காது படுக்க மாட்டேங்குது"

தகரத்தில் ஒரு காய் விழுந்தால் நெஞ்சு அடிக்கும். ஓடைச் சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று மனசு கணக்குப் பார்க்கும். மூளைக்குள் பாதாம் பருப்பு மாதிரி ஒரு சின்னப் பகுதி இருக்கிறது, அமிக்டலா என்று பெயர். ஆபத்து மணியை அடிப்பது அதன் வேலை. ஒரு பெரிய இரவுக்கு அப்புறம் அது சின்னச் சத்தத்துக்கும் மணி அடிக்கப் பழகிவிடுகிறது. நீங்கள் கோழையாகிவிட்டதாக இதற்கு அர்த்தம் இல்லை.

இதற்கு நான் கண்ட நல்ல வழி, காவலுக்கு நேரம் குறிப்பது. படுக்கப் போகும் முன் ஒரே ஒரு சுற்று: தாழ்ப்பாள், கேஸ், டார்ச், செருப்பு, பை. எல்லாம் அதனதன் இடத்தில். வாய்விட்டுச் சொல்லுங்கள்: "தாழ்ப்பாள் போட்டாச்சு. பை கதவுக்குப் பக்கத்தில இருக்கு." இரண்டாவது சுற்று போகாதீர்கள். மூன்றாவது முறை தாழ்ப்பாளைப் பார்க்கப் போகிறவருக்குப் பயம் குறைவதில்லை, கூடுகிறது. வீட்டில் இரண்டு பேர் இருந்தால் முறை வையுங்கள்: இரண்டு மணி வரை மழைச் சத்தத்துக்கு நான் பொறுப்பு, அப்புறம் நீ. நிஜமாகவே விழித்திருக்க வேண்டும் என்றில்லை. பொறுப்பு இன்றைக்கு யாருடையது என்று தெரிந்தாலே பாதி பாரம் இறங்கும்.

என் செருப்பை நான் ஒரே நாளில் கழற்றவில்லை. முதல் வாரம் காலில், அடுத்து படுக்கைமேல் கால்மாட்டில், பிறகு கட்டிலுக்குக் கீழே, கடைசியில் கதவோரம். நாலு மாதம் ஆனது. அவசரப்பட வேண்டாம்.

படுத்தபின் நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். மூச்சை விடுவது நீளமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஐந்து நிமிஷம் செய்தால் நெஞ்சு அடிப்பது மெதுவாகும். எண்ணும்போது பதற்றம் கூடுகிறதா? சிலருக்கு அப்படித்தான், முக்கியமாக மண்ணிலோ புகையிலோ மூச்சு முட்டி மீண்டவர்களுக்கு. அவர்கள் மூச்சை விட்டுவிட்டு உள்ளங்காலைக் கம்பளியில் தேய்த்துக்கொண்டு, அது சொரசொரப்பாக இருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று மட்டும் கவனிக்கலாம்.

டீ பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் குளிருக்கு ராத்திரி எட்டு மணிக்கும் கட்டன் சாயா குடிப்போம். குடித்த காபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். தேயிலை மண்ணில் பிறந்தவர்களிடம் டீயை விடு என்று சொல்வது கஷ்டம்தான். மத்தியானம் மூணு மணிக்கு மேல் சுக்குத் தண்ணீருக்கு மாறிப் பாருங்கள்.

சாயங்காலம் விருந்தாளி வந்து "எப்படி நடந்துச்சு, முதல்லேருந்து சொல்லு" என்று கேட்பதையும் வீட்டார் தடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் பத்து நாள் இதுதான் நடந்தது. அம்மா தினமும் சுவர் விழுந்த கதையைச் சொல்லி, தினமும் விழித்திருந்தாள். பேச விரும்புகிறவர் பேசட்டும், கேட்டுக்கொள்ளுங்கள். பேச விரும்பாதவரை வற்புறுத்தி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லவைப்பதால் பின்னால் வரும் பாதிப்பு குறைவதில்லை என்று ஆய்வுகளில் தெரிந்து, உலக சுகாதார நிறுவனமே அதை வேண்டாம் என்கிறது.

"தூக்கம் வருது. ஆனா மூணு மணிக்கு டாண்ணு முழிப்பு"

தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. சுற்று மாறும்போது எல்லோருமே லேசாக விழிப்போம், காலையில் ஞாபகம் இருக்காது. அதிர்ச்சி பட்டவர் அந்த லேசான விழிப்பில் முழுசாக எழுந்துவிடுகிறார். அந்தச் சம்பவம் நடந்த மணியாக இருந்தால் இன்னும் மோசம்.

செய்ய வேண்டிய முதல் காரியம், கடிகாரத்தைத் திருப்பி வைப்பது. மொபைலையும் எட்டாத இடத்தில் சார்ஜ் போடுங்கள். மணி பார்த்த அந்த நொடியே "ஐயோ, இன்னும் ரெண்டு மணி நேரந்தான்" என்று கணக்கு ஓட ஆரம்பிக்கும்.

இருபது நிமிஷம் போலத் தோன்றியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். படுக்கை என்றாலே போராட்டம் என்று உடம்பு கற்றுக்கொள்ளக் கூடாது, அதற்குத்தான். ஊட்டிக் குளிரில் மூணு மணிக்கு எழுந்து உட்காரு என்றால் யாருக்கும் கோபம் வரும். அதனால் சாயங்காலமே ஏற்பாடு செய்யுங்கள்: ஒரு நாற்காலி, அதன்மேல் மடித்த கம்பளி, குல்லா, பிளாஸ்கில் வெந்நீர். விளக்கு மங்கலாக இருக்கட்டும். பூண்டு உரிக்கலாம், துணி மடிக்கலாம், ஜெபமாலையோ சுலோகமோ சொல்லலாம். செய்தியும் வீடியோவும் வேண்டாம். கண் சொருகியதும் திரும்பப் போய்ப் படுங்கள்.

எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள், ஞாயிற்றுக்கிழமையும். எழுந்ததும் வாசலுக்கு வந்து வெளிச்சம் படும்படி நில்லுங்கள். பனி மூடியிருந்தாலும் வானத்து வெளிச்சம் வீட்டு பல்பைவிடப் பல மடங்கு அதிகம். பகலில் தூங்கியே ஆக வேண்டும் என்றால் மத்தியானத்தில் அரை மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

மூச்சுத் திணறி, தொண்டை அடைத்து எழுகிறீர்களா? பெரிய குறட்டை விடுவதாக வீட்டில் சொல்கிறார்களா? எல்லாப் பழியையும் அதிர்ச்சியின்மேல் போடாதீர்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயாக இருக்கலாம். அதற்குத் தனிப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு, அதைச் சரிசெய்தால் கெட்ட கனவும் குறையலாம்.

"அதே கனவு, மறுபடி மறுபடி"

என்னை அதிகம் வாட்டியது இதுதான்.

என் கனவில் சமையலறைத் தரையிலிருந்து மண் ஏறும். கணுக்கால், முழங்கால். நான் கதவைத் தள்ளுவேன். அந்தப் பக்கமும் மண். தாழ்ப்பாளின் இரும்பு விரலில் ஜில்லென்று படுவதுகூடத் தெரியும். அந்த இடத்தில் கத்திக்கொண்டு எழுவேன். வாரத்தில் நாலு நாள்.

இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. கனவை விழிப்பில் மாற்றி எழுதி ஒத்திகை பார்ப்பது. ஒரு மனநல ஆலோசகர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கேட்டதும், இதெல்லாம் நடக்கிற காரியமா என்றுதான் தோன்றியது. ஆனால் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் இதைச் சோதித்து, கனவுகள் குறைந்ததை 2001-லேயே ஆய்வாக வெளியிட்டிருக்கிறார்கள்.

செய்முறை இதுதான். பகலில் செய்யுங்கள், படுக்கையில் வேண்டாம். ஆரம்பத்திலேயே மிகக் கொடிய கனவை எடுக்காதீர்கள், கொஞ்சம் லேசானதை எடுங்கள். ஒரு நோட்டில் அதைச் சுருக்கமாக எழுதுங்கள். பிறகு எங்காவது ஓர் இடத்தில் மாற்றுங்கள். எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை, உங்கள் கனவு உங்கள் சொத்து. மாற்றியதை முழுசாக எழுதுங்கள். தினமும் பத்து முதல் இருபது நிமிஷம் கண்ணை மூடி அந்தப் புதுக் கனவை மட்டும் மனசில் ஓட்டுங்கள். பழையதை மறுபடி ஓட்ட வேண்டாம்.

நான் மண்ணை மாற்ற முயன்றேன், முடியவில்லை. மனசு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் கதவை மாற்றினேன். மரக்கதவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அம்மாவின் பழைய நீலப் புடவையைத் திரையாகத் தொங்கவிட்டேன். மண் ஏறும், நான் திரும்புவேன், கையில் துணி படும். விலக்கினால் வெளியே பள்ளிக்கூடத்து வராந்தா, வெயில், காயப்போட்ட மிளகாய். மிளகாய் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. வந்ததை விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் பழைய கனவு வந்தது. தாழ்ப்பாளைத் தேடின கையில் புடவைக் கரை பட்டது. கத்தவில்லை. அதற்கப்புறம் மாதத்துக்கு ஒன்று என்று குறைந்தது.

ஒத்திகையின்போது உடம்பு நடுங்கினால், வியர்த்துக் கொட்டினால், நிறுத்திவிடுங்கள். அப்படி ஆகிறவர்கள் ஆலோசகரை வைத்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும்.

கனவிலிருந்து எழுந்த அந்த நிமிஷத்துக்கு வேறு உபாயம் வேண்டும். விளக்கைப் போடுங்கள். இன்றைய தேதியை வாய்விட்டுச் சொல்லுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லுங்கள், நாலு பொருளைத் தொடுங்கள். மூக்குக்கு ஒரு வாசனை இருந்தால் சீக்கிரம் திரும்பி வரலாம். நம் ஊரில் எல்லோரும் நீலகிரித் தைலத்தை நீட்டுவார்கள். எனக்கு அது ஆகாது. அன்றைக்கு ராத்திரி மண்ணோடு சேர்ந்து, அந்தத் தைலம் எடுக்கும் கற்பூர (யூக்கலிப்டஸ்) மரங்களும் முறிந்து விழுந்தன, ஊரே தைல வாசம் அடித்தது. பாட்டிலைத் திறந்தாலே நான் பழைய வீட்டுக்குப் போய்விடுவேன். ஆரஞ்சுத் தோல் வைத்துக்கொண்டேன். அந்த ராத்திரியில் இல்லாத ஒரு வாசனையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், ஏலக்காயோ, காப்பித்தூளோ. தைலம் ஒத்துவருகிறவர்கள் கைக்குட்டையில் ஒரு சொட்டு விடலாம். கைக்குழந்தைக்கு முகத்தில் தடவக் கூடாது, உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது.

"அமுக்குவான் வந்து நெஞ்சில உக்காருது"

கண் திறந்திருக்கும், கையை அசைக்க முடியாது, அறையில் யாரோ நிற்பதுபோல இருக்கும். கனவு காணும் நேரத்தில் கைகால் ஆடாமல் உடம்பே தசைகளைப் பூட்டி வைக்கிறது. சில சமயம் மனசு முந்தி விழித்துவிடும், பூட்டு திறக்கக் கொஞ்சம் தாமதமாகும். சில நொடிகளிலிருந்து ஓரிரு நிமிஷத்துக்குள் போய்விடும், உயிருக்கு ஆபத்தில்லை. போராடாமல் கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். மல்லாந்து படுப்பவர்களுக்கும் தூக்கம் குறைந்தவர்களுக்கும் அதிகம் வரும். ஒருக்களித்துப் படுங்கள். மந்திரித்துக் கயிறு கட்டினால் தைரியம் வருகிறது என்றால் கட்டிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

"ராத்திரி கத்துறாரு, கையை வீசுறாரு. காலையில கேட்டா ஒண்ணும் தெரியலங்கிறாரு"

இது பக்கத்தில் படுப்பவர்களுக்கு. படுத்த முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அலறி, கண் திறந்திருந்தும் உங்களை அடையாளம் தெரியாமல், காலையில் எதுவும் நினைவில்லாமல் போனால் அது கனவே இல்லை, ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி விழித்த நிலை. எழுப்ப வேண்டாம். விழாமல், இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும், தானே அடங்கிப் படுப்பார். விடியற்காலைப் பக்கம் கத்தி எழுந்து, கனவை விவரமாகச் சொன்னால் அது கெட்ட கனவு.

எழுப்பியே ஆக வேண்டும் என்றால் தோளைப் பிடித்து உலுக்காதீர்கள். அவர் கனவில் உங்கள் கை எதிரியின் கை. எட்ட நின்று, கால் பக்கத்திலிருந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். "அண்ணே, நான்தான். நம்ம வீடு. பந்தலூர்."

இந்தியாவும் இலங்கையும் 1964-ல் செய்த ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகத் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. 1983 கலவரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் ஒரு லைனில் பாட்டி ஒருத்தர், ராத்திரி கதவு தட்டும் சத்தம் கேட்டால் அன்றைக்குத் தூங்கவே மாட்டார். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. அந்த லைனில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: பாட்டி வீட்டுக்கு யார் போனாலும் கதவைத் தொடுவதற்கு முன்னால் முற்றத்தில் நின்று தன் பெயரைச் சொல்லிக் குரல் கொடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள்கூட, "பாட்டீ, நான் குமாரு மகன்" என்று கத்திவிட்டுத்தான் படி ஏறுகிறார்கள். நாற்பது வருஷம் கழித்தும் இது உதவுகிறது.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் புதிதாகக் கனவில் உதைத்து, குத்தி, கட்டிலிலிருந்து விழ ஆரம்பித்தால் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

"எட்டு வயசுப் பையன், மறுபடி படுக்கையை நனைக்கிறான்"

திட்டாதீர்கள், அடிக்காதீர்கள், அடுத்த வீட்டில் சொல்லிச் சிரிக்காதீர்கள். பயந்த குழந்தையின் உடம்பு கொஞ்ச நாளைக்குப் பின்னால் போகும், திரும்பி வந்துவிடும். அவனிடமே சொல்லுங்கள்: "பயந்தா இப்படி ஆகும், உன் தப்பு இல்ல, சரியாயிடும்." ராத்திரி கூடவே படுக்கவைத்துக்கொள்ளலாம், கெட்டுப்போக மாட்டான். மழைத் துணி காயாத ஊர் நம்முடையது, அதனால் கம்பளிக்குக் கீழே ஒரு ரெக்சின் ஷீட்டும் மாற்று டிரவுசரும் எடுத்து வையுங்கள். நனையாத காலையில் ஒரு வார்த்தை பாராட்டுங்கள். சிறுநீர் எரிச்சல், காய்ச்சல், அதிக தாகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

"ரெண்டு பெக் போட்டாத்தான் தூக்கம்", "மாத்திரை போட்டாத்தான் தூக்கம்"

பிராந்தி தூக்கத்துக்குள் தள்ளும், உண்மை. முன்னிரவில் கனவையும் அமுக்கி வைக்கும். போதை இறங்கும் பின்னிரவில் அமுக்கின கனவெல்லாம் சேர்ந்து வரும். அதனால்தான் குடித்துப் படுத்தவர் மூணு மணிக்கு வியர்த்து எழுகிறார், அடுத்த நாள் அளவைக் கூட்டுகிறார். தினமும் நிறையக் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

அல்பிரசோலம் மாதிரித் தூக்க மாத்திரைகளை அடுத்தவர் பட்டையிலிருந்து வாங்கிப் போடுவது லைன் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. அதிர்ச்சிக்கு அப்புறம் முதல் மாதத்தில் அந்த வகை மாத்திரை கொடுக்க வேண்டாம் என்பது 2013-ல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டுதல். ஏற்கெனவே மாதக்கணக்கில் போடுகிறவர் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தருவார். கெட்ட கனவுக்கென்று பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைச் சில டாக்டர்கள் எழுதுவதுண்டு. சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றும் என்பதால் நீங்களாக வாங்கிப் போடக் கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பயந்தவர்கள் ஜன்னல், சந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டுப் படுப்பார்கள். அதே அறையில் குளிருக்குக் கரி நெருப்புச் சட்டியையும் வைப்பார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படி மூடிய அறையில் படுத்து எழாமலே போனவர்கள் உண்டு. கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தணல் அணைந்ததுபோல இருந்தாலும் சட்டியை வெளியே வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். குளிருக்கு வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள்.

எப்போது டாக்டரிடமோ ஆலோசகரிடமோ போக வேண்டும்

ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால். வேலைக்குப் போக முடியவில்லை என்றால். வண்டி ஓட்டும்போதோ இலை வெட்டும் மெஷினைப் பிடித்திருக்கும்போதோ கண் சொருகினால். செத்துப்போகலாம் என்று ஒருமுறை தோன்றினாலும் அன்றைக்கே.

14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம், தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. 104-லும் கேட்கலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல டாக்டர் இருக்கிறார். போகும்போது ஒரு வாரக் குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை முறை எழுந்தேன், எந்தக் கனவு. "தூக்கம் வரல சார்" என்று மட்டும் சொன்னால் மாத்திரைதான் கிடைக்கும். நான் முதல் முறை போனபோது இரண்டு நிமிஷத்தில் சீட்டு எழுதி அனுப்பிவிட்டார்கள், சுவர் விழுந்ததை நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள். "இப்படி ஒண்ணு நடந்துச்சு, அதுக்கப்புறந்தான் தூக்கம் போச்சு" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். மருந்தைவிட, இதற்கென்று பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் வாராவாரம் உட்கார்ந்து செய்யும் சிகிச்சைதான் அதிகம் கேட்கிறது.

"வருஷம் முழுக்க நல்லா இருக்கேன். மழை ஆரம்பிச்சா திரும்ப வருது"

வரும். எனக்கு இன்னும் வருகிறது. குணமானது மறுபடி கெட்டுப்போனதாக நினைத்துப் பயப்படாதீர்கள். வாசனை, காற்றின் ஈரம், தகரத்தில் விழும் சத்தம் எல்லாம் அந்த நாளைத் தொட்டுக் கூப்பிடுகின்றன. சில வாரத்தில் போய்விடும்.

புரட்டாசி கடைசியில் நான் என் ஏற்பாடுகளை ஆரம்பித்துவிடுவேன். மண்வெட்டியோடு போய்க் கால்வாயைச் சுத்தம் செய்வது. பையில் புது பேட்டரி போடுவது. சாயங்கால டீயை நிறுத்துவது. நோட்டை எடுத்து நீலப் புடவைக் கனவை ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது. நவம்பரில் அந்தத் தேதி வரும்போது தனியாகப் படுப்பதில்லை, அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். அக்காவுக்குத் தெரியும், எதுவும் கேட்கமாட்டாள். தன் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்குப் பாய் விரித்துவிட்டு, "இன்னைக்கு நான் முழிச்சிருக்கேன், நீ படு" என்பாள். பத்து நிமிஷத்தில் அவள்தான் குறட்டை விடுவாள். நானும் தூங்கிவிடுவேன். செருப்பு கதவோரத்தில் இருக்கும்.